நான் கையெழுத்துப் போட்ட வீடு

அந்தமானில், மாயாபந்தரில் சர்க்கார் ஆபீஸ்கள் இருக்கும் மேட்டுக்குக் கீழே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு மெஷின், ஒரு லேமினேஷன் பெட்டி, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். பிழைப்பு ஓடுவது விண்ணப்பம் நிரப்புவதில். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, தீவுவாசி அட்டை வாங்க, சாவுச் சான்றிதழில் எழுத்துப் பிழை திருத்த என்று வங்காளிகள், தெலுங்கர்கள், ராஞ்சிக்காரர்கள், நம் ஆட்கள் எல்லாரும் என் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். இந்தியும் இங்கிலீஷும் எழுதுவேன். வாயும் கொஞ்சம் அதிகம். வருகிறவர்களை ஒரே ஒரு விஷயத்துக்காக நான் திட்டாமல் விட்டதில்லை. காலியாகக் கிடக்கும் கட்டத்துக்குக் கீழே கையெழுத்துப் போடாதே, ஒரு கோடாவது இழுத்துவிட்டுப் போடு, நீ போன பிறகு அதில் எவன் என்ன எழுதுவான் என்று உனக்குத் தெரியுமா என்று கத்துவேன்.

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த நானே ஒரு நாள் மத்தியானம் காலிக் கட்டத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். அதனால் என் சிநேகிதியின் வீடு கையை விட்டுப் போகப் பார்த்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். வீட்டைப் பறிக்கப் பார்த்த ஆபீஸின் பெயரை எழுத மாட்டேன். அங்கே இன்னும் எனக்குக் காரியம் இருக்கிறது.

சிநேகிதி பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சமைக்கிறவள். என்னைவிட மூன்று வயது சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள். அவள் புருஷன் கப்பல் ஜெட்டியில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர். வீடில்லாதவர்களுக்கு என்று ஊருக்கு வெளியே ஒரு சரிவில் அரசாங்கம் வரிசையாக வீடு கட்டியபோது, அவளும் நானும் ஒரே நாளில் விண்ணப்பம் கொடுத்தோம். இரண்டையும் எழுதியவள் நான். அவளுக்கு வீடு வந்தது. எனக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஒரு நம்பர் வந்தது.

பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். அவள் பால் காய்ச்சிய அன்று சிரித்துக்கொண்டே பால் குடித்துவிட்டு, என் அறைக்குத் திரும்பி வந்து, ஒரு காரணமும் இல்லாமல் பக்கத்து வீட்டு நாயைத் திட்டினேன். என் அறை என்பது ஒருவருடைய வீட்டின் பின்பக்கத்தில் பலகை வைத்து அடைத்துக் கொடுத்த இடம். அவள் வீட்டிலோ இரண்டு அறை, தகரக் கூரை, பின்னால் கக்கூஸ், வாசலில் தண்ணீர்க் குழாய்.

ஒதுக்கீட்டு உத்தரவின் பின்பக்கம் நிபந்தனைகள் பொடி எழுத்தில் இருந்தன. வீட்டை வாடகைக்கு விடக்கூடாது, கைமாற்றக்கூடாது, ஒதுக்கீடு பெற்றவர்தான் குடியிருக்க வேண்டும், மீறினால் ரத்து. அதை அவளுக்கு வாசித்துக் காட்டி, புரிந்ததா என்று இரண்டு தரம் கேட்டவளும் நான்தான்.

வீடு வந்து இரண்டு வருஷத்தில் அவள் புருஷனுக்கு நெஞ்சு வலி வந்தது. இங்கே பார்த்துவிட்டுப் போர்ட் பிளேருக்கு அனுப்பினார்கள். அங்கே பார்த்துவிட்டு, இருதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது, மெயின்லேண்டில்தான் ஆபரேஷன் என்று எழுதிக் கொடுத்தார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரி, சர்க்கார் முத்திரை. அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் சென்னைக் கப்பலில் இடம் வாங்கினார்கள்.

மெயின்லேண்ட் போகிறவர்கள் இங்கே திரும்பும் தேதி சொல்வதில்லை. அதைக் கப்பல்தான் சொல்ல வேண்டும். அதனால் வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டுப் போகிற வழக்கமும் இல்லை. இரண்டு மாதம் ஆள் புழங்காத வீட்டை மழையும் கரையானும் பூரானும் எடுத்துக்கொள்ளும். நம்பிக்கையான ஒரு ஆளைப் படுக்க வைத்துவிட்டுப் போவார்கள். அதற்கு யாரும் யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை. நாளைக்கு நம் முறை வரும்.

“அக்கா, நீ வந்து படுத்துக்க. அரிசி, கேஸ் எல்லாம் இருக்கு. உன் வீடு மாதிரி நெனச்சுக்க” என்றாள்.

நினைத்துக்கொண்டேன். அதுதான் வினை.

அவர்கள் போய் மூன்றாவது வாரம். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அந்த வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். ஒரு ஜீப் வந்து நின்றது. ரிஜிஸ்டரோடு ஒருவர் இறங்கினார். மழை வரும்போல இருந்தது. அவர் அவசரத்தில் இருந்தார், ஆனால் மரியாதையாகத்தான் பேசினார்.

“ஆப் இதர் ரெஹ்தே ஹோ?” என்றார். நீங்கள் இங்கேதான் குடியிருக்கிறீர்களா என்று.

இந்த இடத்தில் எங்கள் தீவுப் புத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே ரிஜிஸ்டரோடு ஒருவர் வந்தால், எதற்கு என்று கேட்பதற்கு முன்னால் பெயரைக் கொடுத்துவிடுவோம். சுனாமி அலை வந்த வருஷம் திக்லிபூரில் நிவாரணப் பட்டியல் எழுத வந்த நாளில் என் அப்பா பாக்குத் தோப்பில் இருந்தார். பெயர் விட்டுப் போயிற்று. அதைச் சேர்க்க அவர் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆள் வரும்போது வாசலில் நிற்பவனுக்குத்தான் கிடைக்கும் என்பது எங்கள் வீட்டுப் பாடம். அந்த ஜீப்பைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். புது வீட்டுப் பட்டியல் எழுத வந்திருக்கிறார்கள்.

“ஆமா சார், இங்கதான்” என்று இந்தியில் சொன்னேன்.

“எவ்வளவு நாளாக?”

குறைந்த நாள் சொன்னால் தள்ளிவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். “ரெண்டு வருஷமா.”

என் பெயரைக் கேட்டு எழுதினார். எத்தனை வருஷம் என்று எழுதினார். மற்ற கட்டங்கள் காலியாகக் கிடந்தன. தாளின் அடியில் விரலை வைத்து, இங்கே சைன் என்றார். தூறல் விழ ஆரம்பித்தது. ரிஜிஸ்டர் நனையப் போகிறதே என்று அவருக்குப் பதற்றம், எங்கே எழுதாமல் போய்விடுவாரோ என்று எனக்குப் பதற்றம். போட்டேன். அவள் பெயர்தான் இந்த வீட்டுக்கு ஏற்கெனவே இருக்கிறதே, பக்கத்தில் என் பெயரும் ஏறினால் அவளுக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்று சாயங்காலம் கடையில் ஒரே சந்தோஷம். ஒரு வங்காளிக் கிழவருக்கு விண்ணப்பத்தைச் சும்மாவே எழுதிக் கொடுத்தேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அவள் வீட்டுக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒதுக்கீடு பெற்றவர் குடியிருக்கவில்லை, வீடு வேறு நபருக்கு வாடகைக்கு விடப்பட்டிருப்பது ஆய்வில் தெரிகிறது, பதினைந்து நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் ரத்து. நின்றபடியே மூன்று தரம் படித்தேன். வேறு நபர் யார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கெடவில்லை, பக்கத்துக் குளத்து மீனைக் கெடுத்துவிட்டது.

போன் போட்டேன். அவள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இருந்தாள். பின்னால் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. நோட்டீஸ் வந்திருக்கிறது என்று சொன்னேன். மிச்சத்தைச் சொல்லவில்லை.

“நீ பாத்துக்குவேல்லக்கா? எனக்கு இப்ப ஒண்ணும் ஓடல” என்றாள்.

“பாத்துக்கிறேன்” என்றேன்.

ஆஸ்பத்திரிக் காகிதம், கப்பல் டிக்கெட் எல்லாவற்றையும் நகல் எடுத்து, ஒரு விளக்கம் எழுதிக்கொண்டு அந்த ஆபீஸுக்குப் போனேன். ஒதுக்கீடு பெற்றவரின் கையெழுத்து இல்லாமல் வாங்க மாட்டேன் என்றார் கிளார்க். அவள் சென்னையில் இருக்கிறாள் என்றேன். அப்படியானால் வரச் சொல்லுங்கள். வரக் கப்பல் வேண்டாமா சார்? அது கப்பல் டிபார்ட்மெண்ட், நாங்கள் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்துவிடுவேனோ என்று பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சர்க்காரின் ஒரு கை இவளை மெயின்லேண்டுக்குப் போ என்று அனுப்புகிறது, இன்னொரு கை ஏன் வீட்டில் இல்லை என்று கதவில் நோட்டீஸ் ஒட்டுகிறது. இரண்டு ஆபீஸுக்கும் நடுவில் ஒரு ரோடுதான். இதைக் கத்திச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஆனால் அந்த ஃபைலில் என் கையெழுத்து இருந்தது. சத்தம் போடாமல் இறங்கி வந்தேன்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் ரத்து உத்தரவும் வந்துவிட்டது. முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். நெஞ்சில் தையலோடு அவள் புருஷன் அந்தச் சரிவில் பத்தடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். கதவைப் பார்த்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி:

“யாருக்கா போட்டுக் குடுத்திருப்பாக?”

நான் பெட்டியை வாசலில் இறக்கி வைத்தேன். அவளே ஒரு பதிலும் கண்டுபிடித்தாள். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரிக்கும் அவளுக்கும் குழாய்த் தண்ணீர் விஷயத்தில் முன்பே உரசல் உண்டு. அவளாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, வாசலில் நின்று கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் சத்தியம் செய்து அழுதது. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் பெரியவள் என்று பெயர் வாங்கிய நான் அன்று வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது.

கோர்ட்டு வாசலில், பெண்களுக்கு வக்கீல் இலவசம் என்று ஒரு போர்டு வருஷக்கணக்காக இருக்கிறது. ஓசி வக்கீல் என்ன வாதாடப் போகிறார் என்று அதை நான் கிண்டல் செய்ததுண்டு. இப்போது அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். சட்ட உதவிக்காகப் போர்ட் பிளேரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற வக்கீல் ஒரு வங்காளிப் பெண். என் தங்கை வயதுகூட இருக்காது. பேசியதெல்லாம் இந்தியில். உத்தரவைப் படித்தார், மறுபடி படித்தார்.

“ஆய்வின்படி என்று எழுதியிருக்கிறார்கள். எந்த ஆய்வு? யார் வந்து பார்த்தது? யார் சொன்னது? அந்த அறிக்கை இல்லாமல் நான் காற்றோடுதான் சண்டை போட வேண்டும்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்கள்தானே விண்ணப்பம் எழுதுகிறவர்? தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு இன்றைக்கே எழுதிப் போட்டுவிடுங்கள்” என்றார்.

மேல்முறையீட்டை அவரே எழுதிக் கொடுத்து, விசாரணை நடக்கும்வரை காலி செய்யச் சொல்லக்கூடாது என்று ஒரு வரியும் வாங்கிவிட்டார். இலவச வக்கீலைப் பற்றிய என் கிண்டல் அன்றோடு தீர்ந்தது. தகவல் மனுவையும் அன்றே எழுதினேன். ஆய்வு அறிக்கை நகல், வாக்குமூலம் இருந்தால் அதன் நகல் என்று ஒன்று விடாமல் கேட்டு எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். கவரில் போட்டு ஒட்டி, மேஜை டிராயருக்குள் வைத்தேன்.

மூன்று நாள் அது டிராயரிலேயே கிடந்தது. மறதி இல்லை. அந்த மூன்று நாளும் அது அங்கே இருப்பது எனக்கு ஒவ்வொரு நிமிஷமும் தெரியும். ஜெராக்ஸ் எடுத்தேன், லேமினேஷன் போட்டேன், டிராயரைத் திறக்கவில்லை. மனு தொலைந்தால் அறிக்கை வராது, அறிக்கை வராவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. வீடு போகும். போனால் சர்க்கார் செய்தது என்று எல்லாரும் சேர்ந்து திட்டிக்கொள்ளலாம், நானும் சேர்ந்து திட்டலாம். இவ்வளவு தூரம் யோசித்தவள்தான் நான். நான்காம் நாள் அவள் கடைக்கு வந்து, “அனுப்பிட்டேல்லக்கா?” என்றாள். அனுப்பிவிட்டேன் என்றேன். அவள் தலை மறைந்ததும், பெஞ்சில் இருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டுத் தபாலாபீஸுக்கு ஓடினேன்.

விசாரணைக்கு எட்டு நாள் இருக்கும்போது பதில் வந்தது. அவளுக்கு இந்தி பேச வருமே தவிரப் படிக்க வராது. ரிஜிஸ்டர் தபால் கவரைப் பிரிக்காமலே என் கடைக்குக் கொண்டு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“படிச்சுச் சொல்லுக்கா.”

ஸ்கேலை விட்டுக் கவரைக் கிழித்தேன். மூன்று தாள், கலர் நகல். இரண்டாவது தாளில் என் கையெழுத்து. அதற்கு மேலே, அன்று காலியாகக் கிடந்த கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. என் பெயர் நீல மையில் இருந்தது. குடியிருப்பவரின் தகுதி என்ற கட்டத்தில் ‘கிராயேதார்’ என்று கறுப்பு மையில் இருந்தது. வாடகைதாரர். அந்தச் சொல்லை நான் சொல்லவே இல்லை. அந்தக் கட்டத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டேன். பயத்திலா கோபத்திலா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் என்ன சொன்னாலும் அதுதான் அங்கே எழுதியிருப்பது. வக்கீல் வரும்வரையாவது இரண்டு நாள் கிடைக்கும்.

“என்னக்கா போட்டிருக்கு?”

“வீட்ல இருந்த பொம்பள, ரெண்டு வருஷமா வாடகைக்கு இருக்கேன்னு சொல்லி கையெழுத்துப் போட்டிருக்கான்னு போட்டிருக்கு.”

“எந்தப் பொம்பள?”

“நாந்தான்டி.”

அவளுக்கு உடனே ஏறவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப், தூறல், புது வீட்டுப் பட்டியல் என்று நினைத்தது, இரண்டு வருஷம் என்று புளுகியது, வாடகை என்று சொல்லாதது, காலிக் கட்டம். சொல்லி முடிக்கும்வரை அவள் என் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தியேட்டர் வாசல்ல இருக்கும்போது எனக்குப் போன் போட்டியே. அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“எதுத்த வீட்டுக்காரிய அந்தக் கிழி கிழிச்சேனே. அப்ப?”

“தெரியும்.”

தாள்களை என் கையிலிருந்து வாங்கினாள். “நல்லா இருக்குக்கா உன் நியாயம்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவள் என்னை நாலு அறை அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தச் சாயங்காலம் அவள் எதிர்வீட்டுக்காரியின் வாசலில் போய் நின்றதாகக் கேள்விப்பட்டேன். என் கடைப் பக்கம் வரவில்லை.

வக்கீல் வந்த அன்று நானே அவரிடம் போனேன். தாள்களை அவள் முன்பே அவரிடம் கொடுத்திருந்தாள். அவர் திட்டவில்லை. மை மாறியிருப்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்கூடத் தெரிந்தது. “நீங்கள் சாட்சி சொல்ல வேண்டும். பொய் சொன்னதையும் சொல்ல வேண்டும். உண்மையில் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்குக் காகிதமும் வேண்டும்” என்றார்.

எனக்கு அறை கொடுத்தவரிடம் கடிதம் கேட்டேன். அவர் வீடு இருக்கிற நிலத்துக்கே பட்டா கிடையாது. “என் பேர எந்தக் காயிதத்துலயும் எழுதிராத தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்று கையெடுத்துக் கும்பிட்டார். என்னிடம் மிச்சம் இருந்தது ஆதார் அட்டை ஒன்றுதான். அதில் திக்லிபூரில் இருக்கும் அண்ணன் வீட்டு விலாசம். அந்த வீட்டில் எனக்குப் பாய் விரிக்க இடமில்லாமல் போய்ப் பல வருஷமாகிறது. விலாசத்தை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தேன்.

வக்கீல் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “இதைக் கொடுத்தால் அவர் வீடு நிற்க வழி உண்டு. ஆனால் நீங்கள் சொந்த வீடு உள்ள குடும்பத்து ஆள் என்றாகிவிடும். காத்திருப்போர் பட்டியலில் உங்கள் பெயர் நிற்காது. இதுவரை யாரும் இந்த விலாசத்தையும் அந்தப் பட்டியலையும் சேர்த்துப் பார்க்கவில்லை. யோசித்துச் சொல்லுங்கள்.”

நல்லவள் மாதிரி உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. யோசித்தேன். பட்டியலில் எனக்கு முன்னால் ஆறே பேர் இருந்தார்கள்.

விசாரணை மூன்று மணிக்கு. வக்கீலின் பஸ்ஸைக் காணோம். காட்டு ரோட்டில் போலீஸ் காவலோடு வண்டிகளை வரிசையாக விடும் கான்வாய் கிளம்பவே தாமதம் என்று போனில் சொன்னார், பிறகு போனும் கிடைக்கவில்லை. அதிகாரியின் அறைக்குள் கூப்பிட்டார்கள். அவள், அவள் புருஷன், கொஞ்சம் தள்ளி நான். அவள் என்னைப் பார்க்கவில்லை. அன்று ரிஜிஸ்டரோடு வந்தவரும் சுவரோரம் நின்றார்.

“வக்கீல் எங்கே? இல்லையென்றால் இருப்பதை வைத்து எழுதிவிடுகிறேன்” என்று அதிகாரி பேனாவைத் திறந்தார்.

அவள் புருஷன் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார். எனக்கு உள்ளே ஏதோ கழன்றது.

“சாஹப், வக்கீல் பஸ்ஸில் இருக்கிறார். அந்தக் கான்வாயும் சர்க்கார் நடத்துவதுதான். பத்து நிமிஷம் பொறுங்கள்” என்றேன்.

“நீங்கள் யார்?”

“உங்கள் அறிக்கையில் கையெழுத்துப் போட்ட பொம்பளை.”

பேனா நின்றது. அவர் ஃபைலைப் புரட்டினார், என்னைப் பார்த்தார், மறுபடி புரட்டினார். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வக்கீல் வந்துவிட்டார். உடம்பெல்லாம் செம்மண் தூசி, கையில் ஃபைல். உட்காரக்கூட இல்லை.

முதலில் ஆஸ்பத்திரிக் காகிதத்தை வைத்தார். பிறகு டிக்கெட்டுகள். பிறகு அந்த இரண்டாவது தாள். “இந்தக் கட்டம் எங்கே நிரப்பப்பட்டது, வீட்டு வாசலிலா, ஆபீஸிலா?” என்று சுவரோரம் நின்றவரைக் கேட்டார்.

அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி, சொல்லுங்கள் என்றார்.

“ஆபீஸில்தான்.”

“வாடகை என்று யார் சொன்னது?”

“யாரும் சொல்லவில்லை. ஒதுக்கீடு வாங்கியவர் இல்லாமல் வேறு ஆள் இருந்தால் வாடகை என்றுதான் எழுதுவோம். எப்போதும் அப்படித்தான்.”

“இப்படி எழுதி இதுவரை எத்தனை வீடு?”

அவர் மறுபடியும் அதிகாரியைப் பார்த்தார். வக்கீல் தணிந்த குரலில், “எப்போதும் அப்படித்தான் என்று அவர் சொன்னதைப் பதிவு செய்யுங்கள்” என்றார். அதிகாரி, அதெல்லாம் இந்த வழக்குக்குத் தேவையில்லை என்றார். வக்கீல் ஒன்றும் பேசாமல் அப்படியே நின்றார். என்னைப் போலக் கத்தியிருந்தால் வெளியே அனுப்பியிருப்பார்கள். அவர் சும்மா நின்றார். கடைசியில் அதிகாரி அந்த வரியை எழுதினார். எழுதும்போது அவர் காது சிவந்திருந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினார். “சர்க்கார் ஊழியரிடம் பொய் சொன்னீர்களா?”

“சொன்னேன்.”

“ஏன்?”

“வீடு கொடுக்க வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன்.”

கிளார்க் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. “அப்படியானால் நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள்?”

ஆதாரை மேஜை மேல் வைத்தேன். அவர் விலாசத்தைப் படித்தார். பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார். என் நம்பரைக் கேட்டார், சொன்னேன். அதற்கு நேரே விரலை வைத்து, “இது என்ன ஆகும் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். கிளார்க் என் பெயரின் மேல் ஸ்கேல் வைத்துச் சிவப்பில் ஒரு கோடு இழுத்தார். அவருக்கு அது ஒரு நொடி வேலை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலரை மணிக்கு உத்தரவை வாசித்தார்கள். ரத்து வாபஸ். வீடு அவள் பெயரிலேயே இருக்கும்.

வெளியே வந்ததும் அவள் புருஷன் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வக்கீல் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். நானும் கிளம்பப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

“வக்கீலம்மா போன வாரமே எங்கிட்ட சொல்லிட்டாக. நீ அந்தக் கார்டக் குடுத்தா உன் பேரு லிஸ்ட்டுல நிக்காதுன்னு. வேணாங்க்கா, குடுக்காதன்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். நாக்கு வரைக்கும் வந்துச்சு. சொல்லல. எங்க வீடு நின்னாப் போதும்னு இருந்துட்டேன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாலைந்து வார்த்தை வாயில் தயாராக இருந்தது. அவள் தலையைக் குனியவில்லை, அழவில்லை, திட்டு வாங்கத்தான் வந்தவள்போல என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீடு வேண்டும் என்ற ஆசை ஒரு பொம்பளையை என்னவெல்லாம் செய்ய வைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்டி” என்றேன்.

அவள் அப்போதுதான் அழுதாள். எனக்கு அங்கே கண்ணீர் வரவில்லை. வீட்டுக்குப் போய்த்தான் அழுதேன். வீடு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். பலகை அறை.